இழை எரித்துப் பார்த்த மாப்பிள்ளை

பூதக்கண்ணாடி, இடுக்கி, தீப்பெட்டி மூன்றையும் கடை மேசைமேல் வரிசையாக வைத்தார் லேப்காரர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் சோதிக்காமல் நம்ப மாட்டார்.

போன வருடம் அசல் பட்டு என்று மாமியாருக்கு அவர் வாங்கிக் கொடுத்த புடவை முதல் சலவையிலேயே பல்லை இளித்துவிட்டது. அன்றிலிருந்து மாமியார் வீட்டில் அவருக்கு மரியாதை பாதிதான். இப்போது மைத்துனிக்குக் கல்யாணப் புடவை. மறுபடி ஏமாந்தால் அந்தப் பாதியும் போச்சு.

"அந்தப் பச்சையை எடுங்க. அசல் பட்டுதானே?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "லைட்டு வெளிச்சத்துல அசல் மாதிரியே இருக்கும் சார்."

"மாதிரியேவா?"

"தூரத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. எத்தனை நாளைக்கு வேணும்?"

என்ன திமிர் இந்த ஆளுக்கு! "ஆயுசுக்கும் உழைக்கணும்யா."

"அவ்வளவெல்லாம் தாங்காது சார்."

லேப்காரர் முந்தானை ஓரத்தில் இடுக்கியால் ஓர் இழையைப் பிடித்து இழுத்தார். ஓர் இழைக்குப் பதில் அரைமுழக் கரையே கையோடு வந்தது. பதறிப்போய்ச் சட்டைப்பைக்குள் திணித்தார். திணிக்கத் திணிக்க இன்னும் வந்தது.

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"பேசாதீங்க. சோதனை நடக்குது."

ஒரு நுனியைப் பிய்த்து, இடுக்கியால் புடவைக்கு மேலேயே பிடித்துக் கொளுத்தினார். அசல் பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் பொடியும். இதுவோ பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகிச் சொட்டி, புடவையில் பொத்தான் அளவுக்கு ஓட்டை போட்டது. ஓட்டையை மறைக்க முழங்கையை ஊன்றினார். சுரீர் என்று சுட, துள்ளிக் குதித்ததில் பின்னாலிருந்த புடவை அடுக்கு மொத்தமும் சரிந்தது.

கடைக்காரர் நஷ்டஈடு கேட்பதற்குள் முந்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கைபேசியில் மாமியார் வீட்டையே வீடியோவில் கூப்பிட்டார். மாமியார், மனைவி, கல்யாணப்பெண், மாமனாரின் மூக்கு மட்டும் என்று எல்லோரும் திரைக்கு வந்துவிட்டார்கள்.

"அத்தை, நல்லாப் பாருங்க. இந்தக் கடையில ஒண்ணுகூட அசல் இல்ல. கையும் களவுமா பிடிச்சிட்டேன்."

"எங்க மாப்பிள்ளையை யாராலயும் ஏமாத்த முடியாது," என்றார் மாமியார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை. லேப்காரருக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

"விடாதீங்க, போலீஸைக் கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

அப்போது கக்கத்தில் ஒரு கிரீடத்தை இடுக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். சரிந்த புடவைகளைப் பார்த்தார். லேப்காரரைப் பார்த்தார்.

"சார், பட்டுக்கடை மாடியில," என்றார் வந்தவர். "இது நாடகத்துக்கு உடுப்பு வாடகைக்கு விடுற இடம்."