எல்சம்மா படம் கொடுத்த பூ

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
தீபம் முடிந்த மறுவாரம், 1996

அன்புள்ள அருணகிரி மாமாவுக்கு,

வேதா வணங்கி எழுதுவது. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீங்க, அத்தைக்குக்கூட. படித்ததும் அடுப்பில் போட்டுடுங்க. இங்கு எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். அப்பா சுகம். அம்மா சுகம். எனக்குத் தை மாசம் கல்யாணம்.

மாடியில் குடியிருந்த ஹாலந்துக்கார எல்சம்மா ஊருக்குத் திரும்பும்போது எனக்கு ஒரு படம் கொடுத்தாங்க. நானூறு வருஷத்துக்கு முன் அவங்க நாட்டில் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படத்தோட நகல். ஒரு கோட்டை, சுற்றி அகழி, கட்டம் கட்டமாக வெட்டிவிட்ட செடிகள், படகில் பாட்டு, புல்லில் விருந்து. அப்பா அதைச் சட்டம் போடக் கோயில் பக்கத்துக் கடையில் கொடுத்தார். சாமி படம் தவிர வேறெதுவும் செய்து பழகாத கடைக்காரர் தங்கக் கலர் சட்டம் போட்டு, கீழே சிவப்பு பல்பும் வச்சுட்டார். பல்பு எரிஞ்சா அம்மா சும்மா இருப்பாங்களா? "தேவலோகம்டி இது"ன்னு வெள்ளிக்கிழமை தவறாம கற்பூரம் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

போன ஞாயிறு மாப்பிள்ளையோட அம்மா ஜோதியம்மாள் என்னைப் பார்க்க வந்தாங்க. "பத்தாவது பரீட்சையாவது எழுதட்டுமே"ன்னு அம்மா இழுத்தாங்க. "ஜாஸ்தி படிச்சு என்னம்மா பண்ணப் போறா? சாமிகிட்டயே கேட்டுடலாம். பூ வலது பக்கம் விழுந்தா தை மாசமே முடிச்சுடணும்"னு அந்தம்மா எழுந்துட்டாங்க. ஹாலில் பல்பு எரியற சாமி அது ஒண்ணுதான். சட்டத்து மேல மல்லிப்பூ வச்சாங்க. ஃபேன் முழு வேகத்துல ஓடிட்டிருந்தது. பூ வலது பக்கமே விழுந்தது. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. படத்தோட அந்த வலது மூலையில, செடி மறைவுல, ஒருத்தன் திரும்பி நின்னு ஒண்ணுக்குப் போயிட்டிருக்கான் மாமா. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அது சாமி படம் இல்லைன்னு சொன்னா, சம்பந்தி முன்னால மானம் போச்சுன்னு அப்பா பெல்ட்டை எடுப்பார். சொல்லலைன்னா தை மாசம். அந்தத் தோட்டத்துல பொம்பளைங்க சும்மா உக்காந்திருக்காங்க மாமா. எழுந்து போய்க் காபி கொண்டு வாடின்னு அவங்களை யாரும் சொல்லலை. தாய்மாமன் நீங்க வந்து, "பரீட்சை முடியட்டும்"னு ஒரு வார்த்தை சொன்னா அப்பா மீற மாட்டார். வந்துடுங்க.

அத்தைக்கு என் வணக்கம் சொல்லவும். வேண்டாம், சொல்லாதீங்க. கடிதம் வந்ததான்னு கேப்பாங்க.

இப்படிக்கு,
வேதா

பி.கு.: இதைத் தபால்ல போடலாமான்னு இப்பதான் அந்தப் படத்துகிட்டயே பூ வச்சுக் கேட்டேன். ஃபேனை நிறுத்திட்டுத்தான் வச்சேன். வேண்டாம்னு இடது பக்கம் விழுந்துடுச்சு. அது சாமியே இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும் மாமா, ஆனா கவரை இன்னும் ஒட்டலை. நீங்க வர வேண்டாம். இல்ல, வாங்க. கதவைத் தட்டறாங்க, அப்பா குரல், மாமா நீங்க