டயரக்காவும் காற்றும்

திண்டிவனத்தில் காற்றோடு நேரடிப் பகை வைத்திருந்த ஒரே ஆள் டயரக்காதான். கொடியிலிருந்து ஒரு துண்டு பறந்தாலும் கடல் இருக்கும் திசையைப் பார்த்துத் திட்டுவார்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு அவர் விடுதி நடத்தினார். மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட கூடம். சமையல், சாப்பாடு, எங்கள் கட்டில்கள் எல்லாம் அதற்குள்தான். அது போனால் எங்களுக்கு இடமில்லை, அக்காவுக்குப் பிழைப்பில்லை. ஆகவே ஷீட்டின்மேல் அவர் ஏற்றி வைத்திருந்தவை: லாரி டயர்கள், மணல் மூட்டை, உடைந்த ஆட்டுக்கல், ஓடாத மிக்ஸி. மிஞ்சிய டயர்களைத் தெருவுக்கே பங்கிட்டிருந்தார். மாடியிலிருந்து பார்த்தால் ஊரே பஞ்சர் கடை போலத் தெரியும்.

நான் விழுப்புரத்தில் ஒரு கட்டட ஆலோசனை அலுவலகத்தில் புது இன்ஜினியர். சைட்டில் எது சொன்னாலும், "சார் வரட்டும்மா" என்பார்கள்.

புயல் எச்சரிக்கை வந்த காலையில் அக்கா இன்னொரு டயரைப் படியில் உருட்டிக்கொண்டு ஏறினார்.

"அக்கா, காத்து கூரையை அமுக்காது, மேல தூக்கும். ஷீட்டு எழும்பினா டயரு எதிர்வீட்டுல போய் விழும்."

"இன்னா பேஜாரா பேசிக்கினு இருக்கே? லாரி டயரு பறக்குமா?"

செய்தித்தாளில் ஒரு பட்டை கிழித்து, உதட்டுக்குக் கீழே பிடித்து, மேற்புறமாக ஊதினேன். தொங்கிய தாள் எழும்பி நின்றது. அக்கா வாங்கி ஊதினார். மறுபடி ஊதினார். விடுதிப் பெண்கள் ஊதினார்கள். பால்காரரும் தப்பவில்லை. சாம்பார் அடிப்பிடித்தது.

தலைசுற்றி உட்கார்ந்த பிறகு, "இத்த எவனும் எங்கிட்ட சொல்லலியேம்மா" என்றார் அக்கா.

மதியத்துக்குள் வெல்டர் வந்தார். ஓரங்களிலும் மூலைகளிலும் நெருக்கமாகக் கொக்கி போல்ட், சட்டத்தைத் தூணோடு பிடிக்க இரும்புப் பட்டை என்று நான் சொல்லச் சொல்ல, அவர் தயங்கினார்.

"சார் யாருனா வந்து பாத்தாங்களா?"

"இந்தப் பொண்ணுதான் சாரு. ஜல்தி போடு" என்றார் அக்கா.

அடுத்து, எங்கள் கூரையைக் காலிசெய்துவிட்டு, தெருவிலுள்ள வீடுகளின் டயர்களையும் இறக்க என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

"நீதானக்கா ஏத்தச் சொன்னே?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் சிரித்தார்.

"அப்போ நான் முட்டாளு. இப்போ எறக்கச் சொல்றேன். இந்தா, நீயும் ஊது."

மறுநாள் பகல் முழுக்கப் புயல். கீழ்த்தளத்துக் கான்கிரீட் அறையில் ஒண்டியிருந்தோம். மேலே ஷீட் அலறியது. அக்கா என்னைப் பார்த்தார்.

"தாங்குமாம்மா?"

"தாங்கும்க்கா" என்றேன். மனதுக்குள் கணக்கை மீண்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் என் பக்கத்துக் கட்டில் தோழி அதையே கேட்டாள். அக்கா எரிந்து விழுந்தார்.

"அதான் இன்ஜினியரு சொல்லிச்சே. கேட்டுக்கினே இருக்காத."

பிறகு சேலைத் தலைப்பை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். விரைவில் குறட்டை வந்தது.

காற்று ஓய்ந்ததும் மாடிக்கு ஓடினேன். ஒரு ஷீட்கூட நகரவில்லை. சொல்லலாமென்று இறங்கி வந்தால், அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. என் வார்த்தையை நம்பி ஒருவர் நிம்மதியாகத் தூங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.