ஞாயிற்றுக்கிழமைப் பூச்சி

ஞாயிறு நான்கு மணிக்கு வீடியோ அழைப்பு வரும். மூன்றே முக்காலுக்குப் பெரியவளின் இடது முன்னங்கால் கழன்று மேஜைக்கடியில் விழுந்தது.

ஊசியக்கா தரையில் தவழ்ந்து தேடினாள். கால் என்றால் என்ன பெரிய கால், தீக்குச்சியில் பாதி. பழுப்புத் தரையில் பழுப்புக் கால். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து நாள் முழுக்க மணல் அளவு திருகாணிகளை முடுக்குகிற கண்ணுக்கே அது அகப்படவில்லை. மனிதர் அன்றைக்கென்று பார்த்து ஐந்து நிமிடம் முன்னதாகவே கூப்பிட்டுவிட்டார்.

"பெரியவ எப்படி இருக்கா?" என்றார் சர்வேயர், எடுத்த எடுப்பில், எப்போதும் போல.

பெரியவள் ஒரு குச்சிப்பூச்சி. கிளையில் விட்டால் காய்ந்த காம்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். சர்வேயர் எதிர்வீட்டுக்காரர். படியேறி வந்தால் இடது கதவு இவளுடையது, வலது கதவு அவருடையது. ஊரெல்லாம் நாய் பூனை வளர்க்க, இந்த மனிதர் இரண்டு குச்சிப்பூச்சிகளை வளர்த்தார். பூச்சிகளுக்கு இலை வைத்த நேரம் போக, பழைய வரைபடத் தாள்களை மடித்து ஆமை, நண்டு, நத்தை என்று செய்வார். செய்ததை இவள் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போலப் போய்விடுவார். இவள் பதிலுக்குக் கைக்குட்டையில் பூ வேலை செய்து அவர் கதவுக் கைப்பிடியில் கட்டி வைப்பாள். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஆமையும் பூவும் வளர்ந்த அளவுக்குப் பேச்சு வளரவில்லை. இரண்டு பேருமே நாற்பதைத் தாண்டியவர்கள். இதற்கு மேல் வாயைத் திறந்து என்ன ஆகப்போகிறது என்று ஆளுக்கொரு பயம்.

அப்புறம் அவருக்கு ஒரு வருஷத்துக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று ஒரு கண்ணாடிப் பெட்டியை நீட்டினார்.

"ரெண்டும் அக்கா தங்கச்சி. பெரியவ உங்ககிட்ட இருக்கட்டும், சின்னவளை நான் கொண்டுபோறேன். வாரத்துக்கு ஒரு தடவை ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கலைன்னா ஏங்கிப்போயிடும்."

கண் எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஜந்து எப்படி ஏங்கும் என்று அவள் கேட்கவில்லை. கேட்பாளா? வாரம் ஒரு நாள் அவர் முகத்தைப் பார்க்கலாம் என்றால், அந்தப் பூச்சி கணக்குப் போடும் என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பாள்.

இரண்டாவது மாதமே பெரியவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வயசோ, வேறென்னவோ, ஒரு காலை கொய்யா இலைக்கடியில் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தாள். ஊசியக்கா அழுதாள். பூச்சிக்காகக் கொஞ்சம், நான்கு மணிக்காக நிறைய. அழுது முடித்த கையோடு மெல்லிய கம்பியை வெட்டி, பழுப்பு நூலை நெருக்கிச் சுற்றி, இரண்டு கறுப்பு மணிகளைக் கண்ணாகத் தைத்து, புதிய பெரியவளைச் செய்து முடித்தாள். காலில் ஒரு நூலைக் கட்டி மேஜைக்கடியிலிருந்து இழுத்தால் பெரியவள் காலைத் தூக்குவாள்.

அவளுடைய தங்கைக்கு மட்டும் விஷயம் தெரியும். வாரம் ஒரு முறை வந்து அக்காவை எதற்காவது குறை சொல்லாவிட்டால் தங்கைக்குப் பொழுது போகாது. செத்ததைச் செத்தது என்று சொல்ல என்ன வெட்கம் என்று கேட்டாள்.

"சொல்லிட்டா, அப்புறம் எதைக் கேக்க போன் பண்ணுவார்?" என்றாள் ஊசியக்கா.

தங்கை அன்றைக்கு மேற்கொண்டு குறை சொல்லாமலே கிளம்பிப் போனாள். அது அந்த வீட்டில் அபூர்வம்.

இப்போது கால் வேறு போய்விட்டது. ஊசியக்கா திரைச்சீலையை இழுத்து மூடி, பெட்டியைத் தூரத்தில் வைத்துக் காட்டினாள். வெளிச்சம் அதற்கு ஆகவில்லை என்றாள். ஆனால் அவருடையது நிலத்தை அளந்து பழகிய கண்.

"இடது முன்னங்கால் எங்க?"

"உதிர்ந்துடுச்சு," என்றாள். குரல் கம்மிவிட்டது. அந்தக் கம்மல் நடிப்பல்ல.

அவர் பதறிப்போய்ச் சமாதானம் சொன்னார். குச்சிப்பூச்சி காலை உதிர்ப்பது சகஜமாம். அடுத்த முறை தோல் உரிக்கும்போது குட்டியாக ஒரு கால் முளைத்துவிடுமாம். உரித்த தோலை மறக்காமல் காட்டச் சொன்னார்.

ஒரு கால் போனதற்கு ஒரு முழுத்தோல் தண்டனை. மெல்லிய வலைத்துணிக்குக் கஞ்சி போட்டு, ஊசியைச் சுற்றி உலர்த்தி, ஆறு நாள் சாயங்காலம் உட்கார்ந்து உறை போல ஒரு தோலைத் தைத்தாள். பெரியவளுக்குக் குட்டைக்கால் ஒன்றும் பொருத்தினாள். சர்வேயர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை தெரிந்தது.

அடுத்த வாரம் சின்னவளும் தோல் உரித்திருந்தாள். என்ன சுத்தம், என்ன விளிம்பு. நிஜம் நிஜம்தான், நம் கைவேலை எம்மாத்திரம் என்று ஊசியக்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்றைக்குப் பேச்சு முடிந்து அவர் போனை வைக்கப் போகிற நேரத்தில், இன்னும் இரண்டு நிமிடம் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், "முட்டை போடற மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டாள்.

குச்சிப்பூச்சி ஆண் துணை இல்லாமலே முட்டையிடும் என்று அவர் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது. கொடுத்து வைத்த ஜந்து என்றாள் தங்கை. ஊசியக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்க்கதவில் தொங்குகிற பூட்டைத் தினமும் துடைத்துவிட்டு வேலைக்குப் போகிறவளுக்கு எப்படித் தோன்றும்?

முடிச்சுத் தையலில் ஏழு முட்டை தயாரானது. மறுவாரம் சின்னவள் பதினொன்று போட்டிருந்தாள். அக்கா குறைந்தவளாகத் தெரியக்கூடாதே என்று இவள் பதினைந்தாக்கினாள். அங்கே இருபதாயிற்று. முட்டை நாற்பதைத் தொட்டபோது பழுப்பு நூல்கண்டு தீர்ந்துவிட்டது.

ஒருநாள் அவர் அறையில் யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். சின்னவள் தலையோடு காலாக அப்படியே ஊஞ்சல் ஆடினாள். சர்வேயர் அவசரமாகப் பெட்டியைக் கையால் மறைத்தார்.

"காத்துல ஆடற குச்சி மாதிரி நடிப்பாங்க. பெரியவ ஆடறதில்லையா?"

ஆடாமல் விடுவாளா? அடுத்த வாரத்திலிருந்து ஊசியக்காவின் ஒரு கையில் போன், இன்னொரு கையில் கால்நூல், வலது காலின் கட்டைவிரலில் ஆட்டநூல். ஞாயிறுதோறும் அவள் முகம் சிவந்து கிடந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

வருஷம் முடிகிற வாரம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறு போன் பண்ண மாட்டேன்."

அவள் கையிலிருந்த கால்நூல் நழுவியது.

"நேர்லயே வரேன். ரெண்டு பேரையும் ஒரே பெட்டியில விட்டுப் பார்க்கணும்."

வருகிறார். ஒரு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக் கிடந்தாள். அது வந்தபோதோ, ஆற அமரச் சந்தோஷப்பட வழியில்லாமல் வந்தது. பெட்டிக்குள் கையை விடுவார். கம்பி தட்டுப்படும். நாற்பத்து மூன்று ஞாயிற்றுக்கிழமையும் ஏமாற்று என்று தெரிந்த பிறகு அந்த மனிதர் ஜன்னல் கட்டையில் ஆமை வைப்பாரா? எதிர்க்கதவு பூட்டு இல்லாமலே பூட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை காலை, பெரியவளை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் படுக்கவைத்து எடுத்துக்கொண்டு, மீனும் பறவையும் பூச்சியும் விற்கிற கடைக்குப் போனாள். கடைக்காரரிடம் கூட்டைத் திறந்து காட்டினாள்.

"இதே மாதிரி உயிரோட ஒண்ணு வேணும். இடது முன்னங்கால் கொஞ்சம் குட்டையா இருக்கணும்."

கடைக்காரர் பெரியவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல் வேலையா என்று வியந்தார். பிறகு, குச்சிப்பூச்சியே கடையில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் நேற்றுச் சாயங்காலம் விற்றுப்போய்விட்டது என்றார்.

ஊசியக்கா மீன் தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் கால், தோல், முட்டை, ஊஞ்சல் என்று அவ்வளவையும் கொட்டித் தீர்த்தாள். அந்தப் போன் நின்றுவிட்டால் தனக்கு வாரத்தில் கிழமையே இல்லை என்றும் சொன்னாள். கடைக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கடைசியில் கல்லாவுக்குக் கீழே துழாவி ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"நேத்து வாங்கினவர் இதை மறந்து வெச்சுட்டுப் போயிட்டார்."

அவள் திறந்தாள். உள்ளே ஒரு குச்சிப்பூச்சி. தொட்டால் மொடமொடவென்று இருந்தது. ஒவ்வொரு காலும் மடித்து மடித்து, விளிம்பு கத்தி போல நின்றது. திருப்பினால் வயிற்றில் மெல்லிய பழுப்புக் கோடுகள், மலையும் பள்ளமும் காட்டுகிற கோடுகள். அவள் ஜன்னல் கட்டையில் வரிசையாக நிற்கிற ஆமைகளின் முதுகிலும் அதே கோடுகள்தான்.

அவள் பெட்டியை மூடாமலே நிமிர்ந்தாள். "யாரு வாங்கினது?"

"பேரு கேக்கலம்மா," என்றார் கடைக்காரர். "பெட்டி படுக்கையோட நேரா இங்க வந்தார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் லாட்ஜ்ல இருக்காராம். தங்கச்சிப் பூச்சி செத்து எட்டு மாசமாச்சாம். அக்காக்காரி அங்க உயிரோட தோல் உரிச்சு முட்டை போட்டுக்கிட்டு இருக்கறப்ப, 'இங்க செத்துப்போச்சுன்னு சொல்லிட்டா அப்புறம் எதைக் கேக்க அவங்களுக்குப் போன் பண்றது'ன்னு என்னையே கேட்டார்."