டெல்மருக்குக் கிடைத்த பின்பலகை

ஊற்றுத் தண்ணீரில் கழுத்தளவு நின்றுகொண்டு எடுக்கும் சபதத்தை நம்பக் கூடாது. ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில், பூமிக்குள்ளிருந்து பொங்கி ஆறாகி வளைகுடாவுக்கு ஓடும் அந்த ஊற்று, ஆகஸ்ட் வெயிலிலும் பல்லைக் கிட்ட வைக்கும். அன்று காலை டெல்மர் நடுங்கியது குளிராலா வீரத்தாலா என்று அவருக்கே தெரியாது.

“ஒலீட்டா! இன்னைக்குப் பின்பலகை எனக்கு!”

கரையில் படகைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. “எந்தப் பலகை?”

“நீ உட்கார்றியே, அந்தப் பலகை!”

இரு முனையும் கூராக, இருவர் துடுப்புப் போடும் அந்தப் படகில் முன்னால் இருப்பவர் மாடு. பின்னால் இருப்பவர் வண்டிக்காரர். திசையெல்லாம் பின்னாலிருந்துதான் வரும். கல்யாணமான நாள்முதல் டெல்மர்தான் மாடு. படகுத்துறையில் அவருக்கு ‘மிஸ்டர் ஒலீட்டா’ என்று பெயர். வைத்தவர் பக்கத்து வீட்டு ஹோய்ட். அவரும் அப்போது அங்கேதான் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஹோய்ட், நீ சாட்சி!” டெல்மர் சொட்டச் சொட்டக் கரையேறினார். “கடலோரம் போய்த் திரும்பி வந்து, படகு இந்தக் கரையில முட்டுறப்ப யாரு கடைசியில இருக்காங்களோ, சாகுறவரைக்கும் அவங்கதான் பின்னால. சம்மதமா?”

“வாக்கு மாற மாட்டியே?” என்றாள் ஒலீட்டா.

“என் வாக்கா? எழுதி வெச்சுக்கோ!”

“எதுல? தண்ணியிலயா?” என்றார் ஹோய்ட்.

“வாங்க கேப்டன், ஏறுங்க,” என்று ஒலீட்டா முன்பலகையில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெற்றி பெறுகிறவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

ஆறு தானாகவே கடலைப் பார்த்து ஓடியது. டெல்மர் தான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டார். மனுஷனுடைய பெருமையில் பாதி இப்படித்தான் சேருகிறது. கண்ணாடித் தண்ணீருக்கடியில் ஒரு கடற்பசு அசைந்து போனது. அதற்கும் ஒரு சல்யூட் வைத்தார். மரங்கள் குறைந்து, உப்புக் காற்று வீசி, இருபுறமும் ஆளுயரக் கோரை வந்தது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிந்தது.

“டெல்மர், இடது பக்கம் மட்டும் போயிடாதே.”

போதாதா? படகு இடது பக்கம் திரும்பியது.

“சொன்னா கேளு, டெல்மர்.”

“கேட்ட காலமெல்லாம் போச்சு!”

ஓடை குறுகியது. இன்னும் குறுகியது. கடைசியில் கோரைச் சுவரில் முட்டி நின்றது. படகின் நீளத்தில் பாதிகூட இல்லை ஓடையின் அகலம். இறங்கித் தள்ளலாமென்றால் இருபுறமும் சிப்பிப் பாறை, பிளேடு மாதிரி.

“இப்ப என்ன பண்றது?” என்றார் கேப்டன்.

“படகைத் திருப்ப முடியாது. நாமதான் திரும்பி உட்காரணும்.” சொல்லும்போதே அவள் திரும்பிவிட்டாள்.

டெல்மரும் திரும்பினார். காலை நீட்ட இடமில்லை. முட்டி முகவாயை இடித்தது. எதிரே படகின் கூர்முனை, அதற்கப்பால் ஒரு கூழைக்கடா. முதுகுக்குப் பின்னாலிருந்து பழகிய குரல்:

“ம், போடு! வேகமா! சிப்பியைப் பாரு!”

அப்போதுதான் உறைத்தது.

“ஏய்! நீ பின்னால இருக்கே!”

“நான் எழுந்திரிக்கவே இல்லியே. உன் பலகையை யாரு எடுத்தா? நீயும் அதுலயேதான் உட்கார்ந்திருக்கே.”

“இந்த ஓடை முட்டுச்சந்துன்னு உனக்குத் தெரியும்!”

“அதான் போகாதேன்னு சொன்னேனே.”

“சொன்னே... ஆனா...”

“நான் சொல்லலைன்னா நீ போயிருப்பியா?”

அகன்ற ஆற்றுக்கு வந்ததும் டெல்மர் கலகம் செய்தார். மறுபடி தானே பின்னால் ஆகும்படி சுற்றி, அவளைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஒலீட்டா திரும்பவில்லை. அவர் அந்தப் பக்கம் தள்ள, அவள் இந்தப் பக்கம் தள்ள, நடு ஆற்றில் படகு அப்படியே நின்றது. மடவை மீன்கள் துள்ளித் துள்ளி வேடிக்கை பார்த்தன. கடலுக்கு மேலே வானம் கறுத்து, இடி உறுமியது.

“திரும்பு, டெல்மர்.”

“மாட்டேன். நீ திரும்பு!”

“நானும் மாட்டேன்.” அவள் துடுப்பை மடியில் வைத்து, வேகவைத்த கடலையை உரிக்க ஆரம்பித்தாள். வடியும் ஆற்றோட்டம் படகை மெல்லக் கடல் பக்கம் இழுத்தது. “இடி விழுந்தா நமக்கு ஒரே கல்லறை. அங்க முன்னால பின்னால கிடையாது. பக்கத்துல பக்கத்துலதான்.”

அடுத்த இடி நெருங்கி விழுந்தது. டெல்மர் திரும்பினார். உடம்புதான் திரும்பியது, மனசு திரும்பவில்லை. முட்டியால் முகவாயை இடித்துக்கொண்டே வழிநெடுக யோசித்தார்.

படகுத்துறை தெரிந்தது. ஹோய்ட் எழுந்து நின்றார். ‘மிஸ்டர் ஒலீட்டா’ அவர் உதட்டு நுனிவரை வந்துவிட்டது தூரத்திலேயே தெரிந்தது. அந்த நொடியில் டெல்மருக்குத் தன் பந்தயமே ஞாபகம் வந்தது. பலகை என்றா சொன்னோம்? கடைசியில் யார் என்றல்லவா சொன்னோம்!

தொபீர்!

படகு ஆடியது, ஒலீட்டா ஆடவில்லை. ஐஸ் போன்ற ஊற்றுத் தண்ணீரில் டெல்மர் படகைச் சுற்றி நீந்தி, அவளுக்கும் பின்னால், வால்முனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு காலாலும் தண்ணீரை உதைத்தார்.

“இப்ப யாரு கடைசி? சொல்லு! இப்ப யாரு கடைசி?”

ஒலீட்டா திரும்பிப் பார்த்தாள். துடுப்பைச் சட்டென்று கீழே வைத்தாள். தோற்றுவிட்டாள்! டெல்மர் இன்னும் வெறியோடு உதைத்தார். படகு நுரை கக்கிப் பாய்ந்து கரையில் முட்டியது.

“ஹோய்ட்! பார்த்தியா? கடைசியில யாரு? நான்!”

“நீயேதான். எங்க வேணா சாட்சி சொல்றேன்.” ஹோய்ட் தொப்பியைக் கழற்றினார். பிறகு படகைப் பார்த்தார். “அது சரி ஒலீட்டா, மோட்டார் எப்ப வாங்கினே?”

“இன்னைக்குத்தான்,” என்றாள் அவள், கடலைத் தோலைத் தட்டிவிட்டுக்கொண்டே. “சாகுறவரைக்கும் கேரண்ட்டியாம். அதுவே சொல்லிச்சு.”