மேற்கு அறையை மீட்க ஒரு தையல் பெட்டி

சாரல் தொடங்குவதற்குள் மேற்கு அறையை மீட்டே தீருவது என்று ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் முடிவெடுத்தேன். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் என்னைத் தவிர இருப்பது என் மனைவி ஆவுடைத்தாய் மட்டும்தான். அவளிடமிருந்துதான் மீட்க வேண்டும்.

தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் நாங்கள் கட்டிய வீட்டில் மலையைப் பார்த்த ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அது மேற்கு அறையில் இருக்கிறது. ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்துச் சாரல் காற்று நேராக அதற்குள்தான் வரும். காலையில் ஐந்தருவிக் குளியல், மதியம் அந்த ஜன்னலடியில் கட்டில், போர்வை, தூக்கம். சப்-இன்ஸ்பெக்டராக ஊர் ஊராய் பந்தோபஸ்து நின்ற காலமெல்லாம் அந்தத் தூக்கத்தை நினைத்துக்கொண்டுதான் நின்றேன். நான் நின்றுகொண்டிருந்த நேரத்தில் ஆவுடை அங்கே தையல் மெஷினைப் போட்டுவிட்டாள்.

மெஷின் ஓர் ஓரமாய் நின்றால் எனக்கென்ன? அதன் பரிவாரம்தான் தாங்க முடியாது. பிஸ்கட் டின்னில் பட்டன். ஊறுகாய் பாட்டிலில் கொக்கி. ஜன்னல் திட்டில் நூல்கண்டு. கட்டில் இருந்ததற்கு அடையாளமே தெரியாமல் ஜாக்கெட் துணி.

உள்ளதையும் சொல்லிவிட வேண்டும். ஆவுடை தைத்தால் அதுதான் தையல். பக்கத்து ஊர் இலஞ்சியிலிருந்து கல்யாணப் பெண்கள் தேடிக்கொண்டு வருவார்கள். அளவுக்குக் கொண்டுவந்த பழைய ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்ப்பாள். அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்ப்பாள். "கல்யாணத்துக்குள்ள நீ கொஞ்சம் சதை பூசிருவட்டி. உள்ள துணி விட்டுத் தைக்கேன்" என்பாள். அப்படியே நடக்கும். அந்தப் பார்வை எனக்கு சர்வீஸ் முழுக்க வாய்க்கவில்லை. அவள் மட்டும் என் ஸ்டேஷனில் இருந்திருந்தால் திருடர்கள் தாங்களாகவே வந்து வரிசையில் நின்றிருப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவளிடம் நேரே மோத முடியாது. அதனால் திட்டம் போட்டேன். என் கையாலேயே ஒரு மரத் தையல் பெட்டி செய்து கொடுப்பது. உள்ளே அடுக்கடுக்காய்த் தட்டுகள். சாமானெல்லாம் பெட்டிக்குள் போய்விடும். பெட்டி ஹாலுக்குப் போகும். பின்னாலேயே மெஷினும் போகும். அறை எனக்கு வந்துவிடும். செல்போனில் வீடியோ பார்த்துப் படமும் வரைந்துவிட்டேன்.

"ஏட்டி, உனக்கு ஒரு தையல் பெட்டி செய்யப் போறேன்."

"எனக்கா?"

"உனக்குத்தான். மரத்துல. என் கையால."

"உங்களுக்கு அடிக்கத் தெரியுமா?"

"போலீஸ்காரனைப் பார்த்துக் கேக்க கேள்வியா இது?"

"ஆணி அடிக்கத் தெரியுமான்னு கேட்டேன். என்ன திடீர்னு?"

"ஒரு பாசம்தான்."

கல்யாணப் பெண்ணைப் பார்ப்பது மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரித்தாள். "செய்ங்க" என்றாள். இவ்வளவு சுலபமாய் முடியும் என்று நான் நினைக்கவே இல்லை.

பக்கத்து வீட்டு ரிஃபாத் மரக்கடை வைத்திருக்கிறான். தேக்கு வாங்கலாம் என்றேன்.

"தேக்கு என்னத்துக்கு? மாமரம் போதும். ரிஃபாத் கடையில நல்ல பலகை கிடக்கு."

என்ன சிக்கனம்! மாமரமே வாங்கினேன். முற்றத்தில் பலகையைப் பரப்பினேன்.

"அங்கன வேண்டாங்க. வெயிலு. மேற்கு ரூம்லயே வச்சுச் செய்ங்க, வெளிச்சமும் இருக்கு. துணியெல்லாம் நான் ஒதுக்கித் தாரேன்."

அவளே ஒதுக்கினாள்! பாதி அறை என் கைக்கு வந்துவிட்டது என்று உள்ளுக்குள் குதித்தேன். சுத்தியலை எடுத்தேன்.

"ஆணி வேண்டாம். பட்டுத் துணி மாட்டுச்சுன்னா இழையை இழுத்துரும். பசை வச்சு ஒட்டிருங்க."

நியாயம்தானே? ஒட்டினேன். வார்னிஷ் டப்பாவைத் திறந்தேன்.

"ஐயோ, துணியில வாடை ஏறிரும். அப்படியே இருக்கட்டும்."

அதுவும் நியாயம்தான். இப்படி நியாயமாகவே அவள் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல, பெட்டி வளர்ந்தது. கத்திரிக்குத் தனி அறை வேண்டும். அளவு ஜாக்கெட்டை மடிக்காமல் வைக்க நீளத் தட்டு வேண்டும். லைனிங் துணிக்குக் கீழே கதவு போட்ட அறை வேண்டும். "குனிஞ்சு வெட்டி இடுப்பு விட்டுப் போச்சு. மூடி மேலயே வச்சுத் துணி வெட்டுத மாதிரி உயரமாச் செஞ்சிருங்களேன்" என்றாள். அந்தக் குரலில் கேட்டால் நான் தாஜ்மகாலுக்கே பலகை அறுப்பேன்.

ஆனால் நான் ஏமாளி இல்லை. அறை வாசலைத் தாண்டி அது ஹாலுக்குப் போயாக வேண்டுமே! அதனால் பெட்டி எவ்வளவு நீண்டாலும் உயர்ந்தாலும் அகலத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசல் நிலையை அளந்து, பக்கத்துக்கு ஒரு மயிரிழை விட்டு, கச்சிதமாய் அறுத்தேன். ஆவுடை வந்து இஞ்ச் டேப்பால் சரிபார்த்தாள்.

"அளவுன்னா இது அளவு" என்றாள்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் வாயால் நான் வாங்கிய முதல் பாராட்டு. அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வேலை முடிந்தது. பெட்டியை ஹாலுக்கு நகர்த்தலாம் என்றேன். வெள்ளிக்கிழமை சாமானை நகர்த்தக் கூடாது என்றாள். சனிக்கிழமை கல்யாண ஆர்டர் இருக்கிறது, தூசி பறக்கும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை ரிஃபாத் பாவம் ஒருநாள் வீட்டில் இருக்கிறான், தொந்தரவு செய்யாதீர்கள் என்றாள். இப்படியே ஒரு வாரம் போயிற்று. அதற்குள் சாரல் பிடித்துவிட்டது. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று ஊரே குற்றாலத்துக்கு ஓடியது. நான் ரிஃபாத் வீட்டுக்கு ஓடினேன்.

இரண்டு பேரும் தூக்கினோம். வாசலில் போய் முட்டியது. பின்னால் வந்து தள்ளினோம். நின்றது. தோளைக் கொடுத்து மூச்சுப் பிடித்துத் தள்ளினோம். நிலைதான் முனகியது.

"அண்ணாச்சி, இது போகாது."

"அளந்துதானலே செஞ்சேன்!"

"அளந்தது கோடையிலல்லா? இப்பம் சாரலு. பெட்டியும் உப்பியிருக்கு, நிலையும் உப்பியிருக்கு."

இந்த ஊரில் ஆனி வந்தால் எந்த வீட்டுக் கதவு ஒழுங்காய்ச் சாத்துகிறது? வருஷா வருஷம் குளியலறைக் கதவைக் காலால் உதைத்துச் சாத்துகிறவன் நான். தென்காசியில் பிறந்து வளர்ந்தவன் சாரலை மறந்துவிட்டு மரம் அறுத்திருக்கிறேன்.

"பிரிச்சுக் கொண்டு போவோம்லே."

"பசைல்லா போட்டிருக்கீங்க? பிரிச்சா பலகை பிளந்துரும். வார்னிஷாவது அடிச்சிருக்கலாம், ஈரம் ஏறியிருக்காது. அதுலயும் இது மாமரம், சும்மாவே குடிக்கும். அக்காகிட்டதான் சொன்னேனே."

"என்ன சொன்னே?"

"'எந்த மரம் சாரலுக்கு ஜாஸ்தி உப்பும்'னு கேட்டாங்க. மாமரம்னேன். 'அப்பம் அண்ணாச்சி வந்தா அதையே குடு'ன்னுட்டுப் போனாங்க."

திரும்பிப் பார்த்தேன். ஆவுடை மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இவன் சொல்லுதது நிசமா?"

"நிசந்தான்."

"என் திட்டம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பாசம்னு என்கிட்ட சொல்லுதீங்க, கண்ணு ஜன்னலைப் பாக்கு."

ரிஃபாத் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான். போகிற போக்கில், "கார்த்திகைக்கு மேல வத்திரும் அண்ணாச்சி, அப்பம் கூப்பிடுங்க" என்றான். சாரல் போன பிறகு அந்த ஜன்னலில் எனக்கு என்ன வேலை?

எனக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியமாகத்தான் இருந்தது. மரம், இடம், பசை, வார்னிஷ், கிழமை. ஒன்றில்கூட அவள் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறாள். நான்தான் ஒவ்வொரு பலகையாய் ஒட்டி, என்னை நானே வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறேன். சல்யூட் அடிக்கலாம் என்றே தோன்றியது.

ஆவுடை எழுந்து வந்து பெட்டியின் மூடியைத் தடவினாள். தட்டை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

"விளையாட்டுக்குச் சொல்லல. ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீங்க. எனக்குன்னு இப்படி யாரும் ஒண்ணு செஞ்சு தந்ததில்ல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அறை போனால் போகிறது என்று அந்த நிமிஷம் மனதார நினைத்தேன்.

"இங்கன வாங்க. இப்படி உக்காருங்க." ஜன்னலடியில் ஒரு நாற்காலியைப் போட்டாள். சாரல் முகத்தில் அடித்தது. மலை முழுக்கத் தெரிந்தது. சொர்க்கம்!

"எவ்வளவு நுணுக்கமான கை உங்களுக்கு! ஸ்டேஷன்ல வீணாப் போயிருக்கு" என்று சொல்லி, என் மடியில் ஒரு ஜாக்கெட்டையும் ஊசி நூலையும் கொக்கி பாட்டிலையும் வைத்தாள்.

இப்போது மதியமெல்லாம் நான் அந்த ஜன்னலடியில்தான் இருக்கிறேன். நேற்று கொக்கி தைத்துக்கொண்டே காற்றில் கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன்; அவள் கூப்பிட்டதும் பதறி எழுந்தபோது, இலஞ்சிக் கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் என் லுங்கியோடு சேர்ந்தே எழுந்தது.