பெட்டியில் இருந்த பம்ப்

நான்காவது போல்ட்டின் தலை மட்டும் மாப்பிள்ளையின் கையோடு வந்தது. மிச்ச உடம்பு எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அந்தத் தலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் நின்றார். கார் ஷெட்டில் அப்போது யாரும் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அதுவும் நீடிக்கவில்லை, வாசலில் மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க அது?"

"போல்ட்டு."

"முழுசாவா?"

"இல்ல. பெரும்பாலும் உள்ளதான் இருக்கு."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அதற்குத்தான் மாப்பிள்ளை பயந்தார்.

வண்டி அவளுடைய அப்பாவுடையது. சிவப்பு நிறத்தில், இரண்டே இருக்கைகளோடு, தரையை ஒட்டிப் போகும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். மாப்பிள்ளையைவிட ஐந்து வயது மூத்தது. மாமனார் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்தவர். பகலெல்லாம் ஊரார் பேச்சை ஒரு சொல் விடாமல் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். ஓய்வு பெற்ற பிறகும் அப்படியே. "கதவைச் சாத்து", "லைட்டை அணை" என்ற இரண்டுக்கும் மேல் அவர் மூன்றாவதாக ஒன்று சொல்லி மாப்பிள்ளை கேட்டிருந்தார் என்றால், அது "தொடாதீங்க மாப்பிள்ளை" என்பதுதான். பதின்மூன்று வருஷமாக அந்த வண்டியின் விஷயத்தில் மாப்பிள்ளைக்குக் கிடைத்த பதவி, டார்ச் பிடிப்பது.

மாமனார் போய் எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து மாமியார் கேட்டைத் தாண்டவில்லை. யார் கூப்பிட்டாலும் "இருக்கட்டும்" என்பார். போன வாரம், துணி மடித்துக்கொண்டிருந்தவர், தானாகவே பேச்செடுத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க கல்யாண நாள். வருஷா வருஷம் அன்னிக்கு அந்த வண்டியிலதான் ஏரிக்குப் போவோம். இந்த ஒரு தடவை யாராவது கூட்டிட்டுப் போனா நல்லா இருக்கும்."

எட்டு மாதத்தில் அவர் கேட்ட முதல் விஷயம் அது. மகள் சமையலறைக்குப் போய் அழுதாள். மாப்பிள்ளை நேராகக் கார் ஷெட்டுக்குப் போனார்.

வெள்ளோட்டம் விட்டதில், ரயில் பாலத்து மேட்டில் பாதி ஏறியதும் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து, துக்க வீட்டில் நிற்பவர் போலத் தலையை ஆட்டினார்.

"தண்ணி பம்ப் சார். எஞ்சினைச் சுத்தித் தண்ணி ஓடினாத்தான் சூடு தணியும். இது சமதரையில சமாளிக்கும், மேடுன்னா கொதிச்சிடும். ஐயாகிட்ட வருஷக்கணக்கா சொல்லிட்டேன். 'பாக்கலாம்'னுவாரு, அவ்வளவுதான்."

அன்றைக்கே மாமனாரின் அலமாரியில், துடைக்கும் துணிகளுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி அகப்பட்டது. உள்ளே எண்ணெய்த் தாள் கூடப் பிரிக்காத புத்தம் புதிய பம்ப். பழையதைவிட உசத்தி ரகம், ஒன்றரை மடங்கு தண்ணீர் தள்ளும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. ரசீதில் பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி.

'பாவம், மாட்ட நேரமே கிடைக்கல போல' என்று மாப்பிள்ளை நெகிழ்ந்துபோனார். மாமனார் ஓய்வு பெற்றுப் பத்து வருஷம், பொழுது விடிந்தால் அடைந்தால் இந்த ஷெட்டில்தான் இருந்தார் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. சந்தோஷத்தில் இருப்பவருக்குக் கணக்கு வராது.

இங்கே மாப்பிள்ளையின் தொழிலைச் சொல்லியாக வேண்டும். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். தப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடம் பத்திரிகையைத் திருத்திக் கொடுத்து அனுப்பியவர். வண்டியின் கையேட்டை விரித்துவைத்து, வண்டியைத் தொடுவதற்கு முன் அதில் இருந்த பதினான்கு அச்சுப்பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுத்தார். வேலையை மெக்கானிக்கிடம் விடவும் மனமில்லை. மாமனார் தொடவிடாத வண்டியை, அவர் மாட்டாமல் விட்ட பம்பை, தன் கையால் மாட்ட வேண்டும் என்று ஒரு வைராக்கியம்.

மாமியார் காபி கொண்டுவந்தபோது பிரித்துப்போட்ட சாமான்களைப் பார்த்தார்.

"பம்பையா மாத்தறீங்க, மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை. புதுசு, மாமா வாங்கி வெச்சது."

"பழசே இருந்துட்டுப் போகட்டுமே."

மாப்பிள்ளை ஸ்பேனரைக் கீழே வைத்தார். தனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார். "எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல அத்தை," என்றார். மாமியார் இன்னும் ஏதோ சொல்ல வந்து, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் அந்த நான்காவது போல்ட்.

மெக்கானிக் வந்து துளை போட்டு உடைந்ததை எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை மதியம் புதுப் பம்ப் உட்கார்ந்தது. மாப்பிள்ளை கையேட்டில் அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன 'சரி' குறி போட்டார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.

கரும்பு மெஷினில் இரும்பு விழுந்தது போல ஒரு சத்தம். ஷெட் தரையில் பச்சைத் தண்ணீர் ஓடியது.

"புதுப் பம்புக்கு மூக்கு பழசைவிட முக்கால் இஞ்ச் நீளம் சார்," என்றார் மெக்கானிக், குனிந்து பார்த்து. "ஃபேன் அந்த மூக்குலதானே இருக்கு. அது முன்னாடி வந்து ரேடியேட்டரைக் கிழிச்சிடுச்சு."

"ஃபேனைச் சின்னதா வெட்டிடலாமா?"

"ஃபேனே வேண்டாம். கழட்டிட்டு கரண்ட் ஃபேன் போட்டுக்கலாம். ரேடியேட்டரை நான் பத்தவெச்சுத் தரேன்."

புதன்கிழமை கரண்ட் ஃபேன் வந்தது. பிரமாதமாகச் சுற்றியது. அது சுற்றும்போது முன்விளக்கு மங்கியது, ஹாரனை அழுத்தினால் தொண்டை கட்டியவர் கூப்பிடுவது போலக் கேட்டது. சாயங்காலத்துக்குள் பேட்டரி மொத்தமாகப் படுத்துவிட்டது.

"டைனமோ அந்தக் காலத்தது சார். இவ்வளவு கரண்டுக்கு அது எங்க போகும்? ஆல்டர்னேட்டர் போடணும். பேட்டரியும் பெருசாப் போடணும்."

"போடுங்க."

வியாழக்கிழமை ஆல்டர்னேட்டர் பொருந்தியது, பெரிய பேட்டரி பொருந்தவில்லை. அதன் பழைய இடத்தில் பாதி கூட இறங்கவில்லை. மாப்பிள்ளைக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஒரு வரியில் ஒரு சொல்லைத் திருத்தினால் அடுத்த வரி இறங்கும், வரி இறங்கினால் பக்கம் மாறும், பக்கம் மாறினால் பொருளடக்கத்தையே திரும்பப் போட வேண்டியிருக்கும். ஆனால் அச்சகத்தில் யாரும் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகப் புத்தகத்தில் ஏறி உட்காரப்போவதில்லை.

"டிக்கில வெச்சுடலாம்," என்றார் மெக்கானிக்.

டிக்கியைத் திறந்தார்கள். அதில் மடக்கு ஸ்டூல் இரண்டு, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், ஒரு பெரிய குடை, ஒரு ஃபிளாஸ்க், இரண்டு டம்ளர் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துச் சுவரோரம் அடுக்கினார் மாப்பிள்ளை. அந்த நேரம் பார்த்து மாமியார் வந்தார்.

"அதெல்லாம் வேண்டாமா?"

"எதுக்கு அத்தை? இனிமே இந்த வண்டி எங்கயும் நிக்காது."

மாமியார் ஸ்டூல்களைப் பார்த்தார். பிறகு குனிந்து ஃபிளாஸ்க்கையும் டம்ளர்களையும் மட்டும் எடுத்து முந்தானையால் துடைத்தார்.

"அந்தப் பழைய பம்ப் எங்க?"

"புதுசு இருந்த பெட்டியிலயே போட்டு வெச்சிருக்கேன்."

"தூக்கி எறிஞ்சிடாதீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை ஒயர் வேலை. சனிக்கிழமை ரயில் பாலத்து மேட்டில் மூன்று தடவை ஏறி இறங்கினார்கள். முள் நடுவிலேயே, ஆணி அடித்தது போல நின்றது. மெக்கானிக் முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஐயா இருந்திருந்தா பாத்து அசந்திருப்பாரு."

மாப்பிள்ளை பானெட்டில் இல்லாத ஒரு கறையைத் துணியால் தேய்த்துத் துடைத்தார். பதின்மூன்று வருஷம் டார்ச் பிடித்த மனிதர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் மடியில் ஃபிளாஸ்க்கோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மகளுக்கு இடமில்லை. சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அந்த வண்டியில் இடம் இருந்ததில்லை. கல்யாண நாளன்று அப்பாவும் அம்மாவும் கிளம்புவதைக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவள், இன்றைக்கும் அங்கேயே நின்றாள்.

"பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க," என்றாள். "எங்கயும் நின்னுடாம."

வண்டி ஊரைத் தாண்டியது. வயல்களும் ஒரு செங்கல் சூளையும் பின்னால் போயின. எட்டு மாதம் கழித்து வெளிக்காற்று பட்ட மாமியாரின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. மாப்பிள்ளை ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணை முள்ளிலும் வைத்து ஓட்டினார்.

மேடு தொடங்கியது. உயர உயர, மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமுடியைக் கையால் சரிசெய்துகொண்டார். சாலை ஓரிடத்தில் இடப்பக்கம் வளைந்தது. வளைவில் ஒரு குட்டைக் கல்சுவர், அதற்கு மேல் சாய்ந்த ஒரு மரம். அதைக் கண்டதும் மாமியாரின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது.

"பயப்படாதீங்க அத்தை," என்றார் மாப்பிள்ளை. "ஏறிடும்."

ஏறியது. கனைக்கக் கூடச் செய்யாமல் அந்த வளைவைக் கடந்தது. மாமியார் திரும்பி, கல்சுவர் கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எதையாவது விட்டுட்டீங்களா அத்தை?"

"இல்ல."

அடுத்த கால்மணி நேரத்தில் ஏரி வந்துவிட்டது. மாப்பிள்ளை கரையோரம் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முள்ளை ஒரு தடவை பெருமையாகப் பார்த்துக்கொண்டார். தண்ணீர் வெயிலில் அகலமாகக் கிடந்தது. இரண்டு பேர் படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் இறங்கவில்லை. இடமும் வலமும் பார்த்தார்.

"இது எந்த இடம், மாப்பிள்ளை?"

"ஏரி அத்தை."

"ஓ," என்றார் மாமியார். "பெருசா இருக்கு."

மாப்பிள்ளைக்கு உள்ளே ஏதோ இடறியது. "நீங்களும் மாமாவும் வழக்கமா எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

"இங்க இல்ல. அந்தக் கல்சுவர்கிட்ட. வண்டி அங்க வந்ததும் கொதிச்சு நின்னுடும். ஆறணும், தண்ணி ஊத்தணும், மறுபடி ஆறணும். மூணு மணி நேரம் ஆயிடும். அப்புறம் திரும்பி வந்துடுவோம்."

"அப்ப ஏரி?"

"பாத்ததே இல்ல."

"முப்பத்தாறு வருஷமாவா?"

"ம்."

மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சுவரோரம் அடுக்கிவைத்த இரண்டு ஸ்டூல்கள் கண்முன்னால் வந்தன. ரொம்ப வருத்தமாக இருந்தது. யாருக்காக என்று அவருக்கே தெரியவில்லை.

"மாமா ஒரே ஒரு நாள் மெனக்கெட்டிருந்தா போதுமே அத்தை," என்றார் மெதுவாக. "புதுப் பம்ப் பெட்டியிலதானே இருந்துச்சு."

மாமியார் ஃபிளாஸ்க்கைத் திறந்து, இரண்டு டம்ளரிலும் காபியை ஊற்றி, ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"அதை வாங்கிக் குடுத்ததே நான்தான், மாப்பிள்ளை. 'இதை மாட்டிட்டா வண்டி நிக்காதே, அப்புறம் நாம எப்ப உக்காந்து பேசறது'ன்னு கேட்டு, அவர்தான் மூடி வெச்சிட்டாரு."