பேசாத மடிக்கணினி

மடிக்கணினி வாய் திறக்கவில்லை. பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடத்தை வாசித்துக் காட்டுகிற மென்பொருள் அதில் இருந்தது. விரிவுரையாளர் ஜெனிபா எதை அழுத்தினாலும் திரை மட்டும் மின்னியது.

ஆய்வு அதிகாரியின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. சங்கரன்கோவிலுக்கு வெளியே இருந்த அந்த பி.எட். கல்லூரியின் அங்கீகாரம் நீடிப்பது இன்றைய செயல்விளக்கத்தில்தான் இருந்தது.

"வாங்குனப்பவே பிள்ளைகள்ட்ட குடுங்கன்னு சொன்னேம்லா சார்? பீரோவுல பூட்டி வச்சிட்டு, இப்பப் பேசுன்னா எப்படிப் பேசும்?" என்றாள் ஜெனிபா.

முதல்வர் சுவிசேஷமுத்து கோபப்படவில்லை. அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. ஜெனிபாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நம்ம ஆபீஸ் இசக்கித்தாய மைக்கோட மேடைத் திரைக்குப் பின்னால நிறுத்துங்க. மெஷின் மாதிரி வாசிக்கட்டும்."

அதிகாரி வந்து முன்வரிசையில் அமர்ந்தார். பயிற்சி மாணவி லட்சுமிப்ரியா கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்வையற்றவளாக நடித்தாள். கணினியைத் தடவி ஒரு பொத்தானைத் தொட்டாள்.

"ஒளிச்சேர்க்கை என்பது..." என்று இசக்கித்தாயின் குரல் கணீரென்று கிளம்பியது. அதிகாரி தலையாட்டினார்.

"தாவரங்கள் சூரிய ஒளியில்... ஏட்டி, அந்த லைட்டப் போடு, எழுத்தே தெரியல!"

அதிகாரி அதற்கும் தலையாட்டினார்.

ஜெனிபா பதறிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சுகளையெல்லாம் தட்டினாள். விளக்கு எரிந்தது. கூடவே கணினியோடு இணைத்திருந்த ஸ்பீக்கருக்கும் உயிர் வந்தது. திரையில் கிடந்த அத்தனையையும் அது ஆங்கிலத்தில் சரசரவென்று ஒப்பிக்க ஆரம்பித்தது.

"இந்தா, இதுவே பேசுதுல்லா! அப்ப நான் போவட்டா சார்?" என்று இசக்கித்தாய் மைக்கிலேயே கேட்டாள்.

மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். லட்சுமிப்ரியா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், திங்கக்கிழமை எனக்கு இளையரசனேந்தல்ல டீச்சிங் பிராக்டிஸ். அங்கன கண்ணு தெரியாத பிள்ளை ஒண்ணு படிக்குதாம். அதுக்கு நான் எப்படிச் சொல்லிக்குடுப்பேன்?"

ஜெனிபாவுடையது தற்காலிக வேலை. முதல்வர் முகம் சுளித்தால் நாளைக்கே இருக்காது. போனால் போகட்டும் என்று அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"சார், நீங்க பாத்தது முழுக்க நாடகம். இந்தப் பிள்ளைகள் இதத் தொட்டதே கெடையாது. நாளைக்கு வகுப்புல முழிச்சிக்கிட்டு நிப்பாக. அங்கீகாரத்த நிறுத்தினாலும் சரி, மொதல்ல இதச் சொல்லிக்குடுக்க ஒரு ஆளப் போடச் சொல்லுங்க."

முதல்வருக்கு வியர்த்துக் கொட்டியது. அதிகாரி ஜெனிபாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புன்னகைத்தார்.

"பிரமாதம்மா! இப்படியே தொடர்ந்து செய்யுங்க."

அங்கீகாரப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து நடந்தார்.

"தங்கமான மனுசன்" என்று முதல்வர் மூச்சு விட்டார். ஜெனிபா பக்கம் திரும்பினார். "நாளையிலருந்து நீங்க வர வேண்டாம்."

வேலை போனதுகூட அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. அத்தனையும் கேட்டுவிட்டு ஒரு மனிதரால் எப்படிச் சிரிக்க முடிந்தது? காரை நோக்கி ஓடினாள். அதிகாரி ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஓட்டுநர் சங்கரநயினார் குறுக்கே வந்தார்.

"ஒரே நிமிசம் அண்ணாச்சி. நான் சொன்னத அவருகிட்ட இன்னொரு மட்டம் சொல்லணும்."

"எழுதிக் குடுங்கம்மா. சாருக்குச் சுத்தமா காது கேக்காது. மிஷின மாட்டுனா ஆளுக ஒரு மாதிரி பாப்பாகன்னு, எங்க போனாலும் அதக் கார்லயே கழட்டி வச்சிட்டுத்தான் எறங்குவாரு."